'பாவம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளிவைப்போம்... வகுப்பறையில் அகதிகளைப் பற்றி எப்படிப் பேசுவது?

"உங்களுக்கு ஐந்தே நிமிஷம். வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பி வருவோமா தெரியாது. ஒரே ஒரு பையில் என்னென்ன எடுத்துவைப்பீர்கள்? எழுதுங்கள்."

அகதிகளைப் பற்றிய பாடத்தை உலகெங்கும் பல ஆசிரியர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எளிமையான பயிற்சி. செலவில்லை, ஒரு தாளும் பேனாவும் போதும். நம் ஊர் ஏழாம் வகுப்பில் செய்தால் என்ன பதில்கள் வரும் என்று யூகிப்பது கஷ்டமில்லை. போன், சார்ஜர், பவர் பேங்க், அம்மாவின் நகை, நாய்க்குட்டி, கிரிக்கெட் பேட். யாராவது ஒருவர் 'பாட்டி' என்று எழுதுவார், வகுப்பே சிரிக்கும். 'பாட்டியால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?' என்று ஆசிரியர் கேட்டதும் சிரிப்பு அடங்கும்.

சான்றிதழ் என்று எழுதுகிற பிள்ளைகள் குறைவாகவே இருப்பார்கள். ஆனால், நிஜமாகவே ஓடி வந்தவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது காகிதங்களைத்தான். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், யாழ்ப்பாணத்தில் 'காணி உறுதி' என்று சொல்லப்படும் நிலப்பத்திரம். பவர் பேங்க் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் போனால் அதன் விளைவு பேரப்பிள்ளை வரை தொடரும்.

நல்ல பயிற்சிதான், சந்தேகமில்லை. ஆனால், தமிழ்நாட்டில் இதைச் செய்வதற்கு முன் ஆசிரியர் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் அகதி என்பவர் பெரும்பாலும் தொலைவில், ஒரு புகைப்படத்துக்குள் இருப்பவர். இங்கே பல ஊர்களில் அவருடைய பேத்தி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பாட்டி நிஜமாகவே அந்த ஒற்றைப் பையுடன் படகேறியவர். அவளும் மற்றவர்களுடன் சேர்ந்து இந்த 'விளையாட்டை' விளையாடத்தான் வேண்டுமா?

மூன்றாவது பெஞ்ச்

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் அலை அலையாக வந்தார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். போர் முடிந்த பிறகான காலம் வரை கணக்கிட்டால் சுமார் 3 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். தங்கிவிட்டவர்களில் 55,000-க்கும் அதிகமானோர் தமிழகமெங்கும் உள்ள 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 30,000-க்கும் மேல்.

மண்டபம், கும்மிடிப்பூண்டி, புழல், பவானிசாகர், திருச்சி கொட்டப்பட்டு... இந்த ஊர்களில் முகாம் எங்கே என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். முகாம் பிள்ளைகள் பெரும்பாலும் பக்கத்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். இவர்களில் இலங்கையைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இங்கேயே பிறந்து, இங்கேயே விஜய் படம் பார்த்து, சி.எஸ்.கே தோற்றால் இங்கேயே அழுகிற பிள்ளைகள். அம்மாவும் அப்பாவும்கூட முகாமிலேயே பிறந்தவர்களாக இருக்கலாம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரும் திட்டமும் அப்போதுதான் அறிவிக்கப்பட்டது. மாத உதவித்தொகையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500.

பெயர்ப்பலகை மாறிவிட்டது. பள்ளி இடைவேளையில் 'டேய் கேம்ப்' என்று கூப்பிடுவதை மாற்ற அரசாணை போட முடியாது. அது வகுப்பறையில்தான் நடக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் வற்றிய கண்ணீர்

அகதிகள் என்றதும் தமிழில் நம் வாயில் முதலில் வருவது 'பாவம்'. கெட்ட எண்ணத்தில் வருவதல்ல, இரக்கம்தான். ஆனால், இரக்கம் மேலிருந்து கீழே பார்ப்பது. 'பாவம்' என்று சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாடம் பிடிக்கும், கோ-கோவில் எவ்வளவு வேகமாக ஓடுவாள் என்றெல்லாம் தெரிந்துகொள்ளத் தோன்றாது.

'அகதி' என்ற சொல்லே அப்படிப்பட்டதுதான். அ-கதி, கதியற்றவர். அதனாலேயே சிலர் 'ஏதிலி' என்கிறார்கள். அதற்கும் ஏதும் இல்லாதவர் என்றுதான் பொருள் கொள்கிறார்கள். எந்தச் சொல்லைப் பிடித்தாலும் இல்லாததை வைத்தே ஒரு மனிதருக்குப் பெயர் வைத்திருக்கிறோம். இருப்பதைக் கேட்கப் பழகுவதைத்தான் 'ஒத்துணர்வு' என்று இப்போது சொல்கிறார்கள்.

இரக்கம் எவ்வளவு நாள் தாங்கும்? 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் ஆலன் குர்தி என்ற சிரியச் சிறுவனின் உடல் ஒதுங்கியது. சிவப்புச் சட்டையில் முகம் குப்புறக் கிடந்த அந்தப் படத்தைப் பார்த்து உலகமே அழுதது. அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக்கும் அவருடைய குழுவினரும் இதைப் பின்னர் ஆராய்ந்தார்கள். சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிவந்த நிதிக்கு அந்த ஒரு வாரத்தில் வந்த தினசரி நன்கொடைகளின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய வாரத்தைப்போல நூறு மடங்கு உயர்ந்திருந்தது. ஆறு வாரத்தில் பெரும்பகுதி வடிந்துவிட்டது. போர் ஓயவில்லை, படகுகளும் நிற்கவில்லை.

பள்ளிகளுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. ஜூன் 20, உலக அகதிகள் தினம். அன்று ஓர் உருக்கமான வீடியோவைப் போட்டு, பிள்ளைகளை அழவைத்து, ஓவியப் போட்டி நடத்தி, முள்வேலிக்குப் பின்னால் அழும் தாயை வரைந்த பிள்ளைக்குப் பரிசு கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. (எல்லாப் போட்டியிலும் அந்த அழும் தாய்தான் ஜெயிக்கிறார். முகாமில் கேரம் ஆடுகிறவரை யாராவது வரைந்தால் பரிசு கிடைக்குமா என்று தெரியவில்லை.)

பட்டிமன்றம் வேண்டாமே!

நம் பள்ளிகளுக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். 'அகதிகளுக்கு இடம் கொடுப்பது கடமையா, சுமையா?' என்று தலைப்பு கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் இரண்டு அணி தயார். 'சுமையே' அணியில் நன்றாகப் பேசுகிற பிள்ளை கைதட்டல் வாங்கிக்கொண்டு போகும். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பெண், தான் இந்த ஊரில் இருக்கலாமா கூடாதா என்று தன் நண்பர்களே வாக்குவாதம் செய்வதை முழுதாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவர் கடைசியில் 'கடமையே' என்று தீர்ப்பு சொன்னாலும், தீர்ப்புக்காகக் காத்திருந்தது காத்திருந்ததுதானே?

இன்னொரு பழக்கம், அந்தப் பிள்ளையையே எழுப்பிவிடுவது. "நீ வந்து சொல்லும்மா, உங்க பாட்டி எப்படி வந்தாங்க?" நல்ல மனதோடுதான் ஆசிரியர் கேட்பார். ஆனால், அந்த வீட்டில் யார் யாரை இழந்தார்கள், எதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாது. பல வீடுகளில் பிள்ளைக்கே தெரியாது. அவள் தானாக முன்வந்து சொன்னால் கேட்கலாம். முன்கூட்டியே தனியாகப் பேசி, வீட்டிலும் சம்மதம் கேட்டு, 'வேண்டாம்' என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்வதற்கும் சங்கடமில்லாத வழி இருக்க வேண்டும். அகதிகளின் கதையைச் சொல்லும் பொறுப்பு பாடம் நடத்துபவருடையது, வகுப்பில் இருக்கும் ஒரு குழந்தையுடையது அல்ல.

தொடக்கத்தில் பார்த்த பை விளையாட்டையும் கொஞ்சம் மாற்றினால் போதும். 'நீங்கள் ஓடுகிறீர்கள்' என்பதற்குப் பதிலாக 'உங்கள் தெருவுக்கு ஒரு குடும்பம் ஒற்றைப் பையுடன் வந்திறங்குகிறது. முதல் வாரத்தில் அவர்களுக்கு என்னென்ன தெரியவேண்டியிருக்கும்?' என்று கேட்கலாம். எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்த பஸ் பள்ளிக்குப் போகும், வகுப்பில் யார் பக்கத்தில் உட்காரலாம் என்றெல்லாம் பிள்ளைகள் எழுதுவார்கள். இதில் முகாம் பிள்ளையும் மற்றவர்களைப்போலவே பதில் சொல்லலாம். அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

ஒரு கணக்கு: யார் இந்தியர்?

உணர்ச்சியைத் தூண்டும் வீடியோவைவிட ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அசைத்துப்பார்க்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. கரும்பலகையில் மூன்று தேதிகளை எழுதினால் போதும்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர் என்றால், இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். குடியுரிமைச் சட்டம் சொல்வது இதைத்தான்.

இப்போது கணக்கு. முகாமில் ஒரு தம்பதி. இருவரும் 1984-ல் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர்கள். முதல் மகள் 1986 ஜூனில் பிறந்தாள், இரண்டாவது மகள் 1988 ஜூனில். அதே அரசு மருத்துவமனை, ஒருவேளை அதே கட்டில். யார் இந்தியர்?

அக்கா இந்தியர். தங்கை இல்லை!

பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 'சார், ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிதானே?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், இதே சட்டப் பிரிவைக் காட்டித்தான் பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் போனார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 38 வயதை நெருங்கும்போது முதல் வாக்கு.

கணக்கின் இரண்டாம் பகுதி இன்னும் சிக்கல். அந்தத் தங்கை உள்ளூர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறார். மாப்பிள்ளை தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுக்காரர். 2012-ல் அவர்களுக்குக் குழந்தை பிறக்கிறது. அப்பா இந்தியர், பிறந்த இடம் இந்தியா. குழந்தை?

மூன்றாவது விதியைப் படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் போன்ற உரிய பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. அந்த முத்திரை தாய் மேல் இருந்தால், தந்தை இந்தியராக இருந்தும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. தங்கையோ இங்கேயே பிறந்தவர், எந்த எல்லையையும் தாண்டி வந்தவரல்ல. அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் இதைக் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கவைத்துவிட்டால் பாடம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

1951-ம் வருட ஐ.நா அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட மதத்தவருக்கானது. பட்டியலில் இலங்கை இல்லை. இதெல்லாம் சரியா தவறா என்று ஆசிரியர் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. தேதிகளைப் போட்டுவிட்டு நகர்ந்து நின்றாலே போதும். அழவைக்கும் வீடியோவைப் பார்த்த பிள்ளை 'பாவம்' என்று சொல்லும். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை 'ஏன்?' என்று கேட்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'நம்ம கிளாஸ்லயே இருக்காளே, அவ இந்தியரா?' என்று வகுப்பு திரும்பிப் பார்க்கிற நிலை வரக் கூடாது. அதனால்தான் கற்பனைத் தம்பதி, கற்பனைத் தேதிகள்.

திறப்பு எங்கே?

2025-ல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தைப் பல குடும்பங்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கும். பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகில் வந்து, சென்னையில் ஒளிந்து வாழப் பார்க்கும் குடும்பத்தின் கதை. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் அவர்களுடைய பெரிய பயம். பேச்சு வழக்கு காட்டிக்கொடுத்துவிடுமே என்று கேரளாக்காரர்கள்போல நடிக்கிறார்கள்.

சினிமாவில் இது சிரிப்பு. வகுப்பறையில் ஒரு பிள்ளை வருடக்கணக்கில் இதையே செய்துகொண்டிருக்கலாம். வீட்டில் 'கதைக்கிறது', பள்ளியில் 'பேசறது'. வீட்டில் 'பேந்து', பள்ளியில் 'அப்புறம்'. ஒருநாள் வாய் தவறி வீட்டுச் சொல் வந்துவிட்டால் 'தெனாலி' கமல் மாதிரி பேசிக் காட்டச் சொல்லிக் கலாய்ப்பார்கள்.

தமிழாசிரியர் மனது வைத்தால் ஒரே பீரியடில் இதைத் திருப்பிப் போடலாம். சொற்பட்டியல் ஒன்று. இங்கே நோட்டு, அங்கே கொப்பி. இங்கே நாற்காலி, அங்கே கதிரை. இங்கே பிரெட், அங்கே பாண். இங்கே எலுமிச்சை, அங்கே தேசிக்காய். இங்கே வேர்க்கடலை, அங்கே கச்சான். இங்கே சாவி, அங்கே திறப்பு.

பிறகு, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல்லலாம். பாணும் கதிரையும் போர்ச்சுகீசியர் விட்டுப்போனவை. சாவியும் அதே போர்ச்சுகீசியக் கப்பலில் வந்ததுதான்! ஆக, 'திறப்பு எங்க வச்சனீங்கள்?' என்று கேட்டதற்காகச் சிரிப்பு வாங்கிய பிள்ளை சொன்னதுதான் அசல் தமிழ்ச் சொல். சிரித்தவர் பாக்கெட்டில் இருப்பது லிஸ்பன் சரக்கு. இந்த இடத்தில் வகுப்பு வேறு மாதிரி சிரிக்கும், அது யாரையும் காயப்படுத்தாத சிரிப்பு.

இந்தப் பட்டியலில் முகாம் பிள்ளையைத் தனியாக நிறுத்தாமல் இருக்க ஒரு வழி உண்டு. நெல்லை, கோவை, நாஞ்சில் நாட்டுச் சொற்களையும் சேர்த்துவிடுவதுதான். எல்லார் வீட்டிலும் ஒரு தனிச்சொல் இருக்கும்.

அத்தோ சாப்பிட்டதுண்டா?

சென்னை பர்மா பஜார் பக்கம் போனவர்கள் அத்தோ சாப்பிடாமல் திரும்புவதில்லை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அதைப் பார்க்காத பிள்ளை இல்லை. அந்த நூடுல்ஸ் சென்னைக்கு எப்படி வந்தது?

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் 1942-ல் நடந்தே கிளம்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் வாரக்கணக்கில் நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். போருக்குப் பிறகு அங்கே இருந்தவர்களுக்கு அடுத்த அடி 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தபோது விழுந்தது. கடைகள் அரசுடைமை ஆயின. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. சேமிப்பு காகிதமானது. வந்தவர்களுக்கு அரசு கடைகள் ஒதுக்கிய இடம்தான் பர்மா பஜார். பல ஊர்களில் 'பர்மா காலனி' என்ற பெயரில் தெருக்கள் இன்றும் இருக்கின்றன.

நீலகிரியில் இன்னொரு கதை. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்தும் குடியுரிமை இல்லாமல் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த மக்களைக் கேட்காமலேயே இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம்தான் இன்றைய டான்டீ. கூடலூரிலும் கோத்தகிரியிலும் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு அகதிகள் பாடத்துக்குப் புத்தகமே தேவையில்லை.

சட்டப்படி இவர்கள் அகதிகள் அல்லர், 'தாயகம் திரும்பியவர்கள்'. ஆனால், அந்த மலையகத் தமிழர்களில் பலர் இந்தியா வராமல் இலங்கையிலேயே தங்கி, பின்னர் கலவரத்துக்குத் தப்பிப் படகேறி வந்தபோது அகதிகள் ஆனார்கள். ஒரே தோட்டத்து அண்ணன் 1970-ல் கப்பலில் வந்து இந்தியர் ஆகியிருக்கலாம், தம்பி 1984-ல் படகில் வந்து இன்னும் முகாமில் இருக்கலாம்.

இதற்கான வீட்டுப்பாடம் எளிது. 'உங்கள் குடும்பத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி வந்தவர் யார்? ஏன் வந்தார்?' பர்மா, மலேயா, இலங்கை மட்டும் இல்லை. அணை கட்டியபோது நகர்ந்த குடும்பம், 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்த குடும்பம், பஞ்சத்தில் சென்னைக்கு வந்த குடும்பம் என்று எல்லாம் வரும். எல்லாரும் அகதிகள் என்று பூசி மெழுகிவிடக் கூடாது. வேலைக்காகப் போனவர் நினைத்தால் திரும்பலாம், அகதியால் முடியாது. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் படகில் வந்தவர்கள் மண்டபம் முகாமில் சேர்க்கப்பட்டார்களே, அவர்கள் யார்? ஐ.நா ஒப்பந்தம் இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவரைத்தான் அகதி என்கிறது. பசிக்கு அஞ்சி வருபவருக்கு அதில் இடம் இல்லை. பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு மணி நேரம் பேச இது ஒன்றே போதும்.

எங்கே போகிறார்கள்?

உலகக் கணக்கையும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. ஐ.நா அகதிகள் முகமையின் கணக்குப்படி 2024 முடிவில் 12.32 கோடிப் பேர் வலுக்கட்டாயமாக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். உலகில் 67 பேருக்கு ஒருவர். 670 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் அசெம்பிளியில் பத்துப் பேரை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள், கோடிகளைவிட அது புரியும்.

'இவர்களெல்லாம் அமெரிக்கா போகிறார்கள்' என்றுதான் பல பிள்ளைகள் நினைப்பார்கள். பெரும்பாலானோர் பக்கத்து நாட்டைத் தாண்டுவதில்லை. 2024 முடிவில் அதிகம் பேரை வைத்திருந்த நாடுகளில் ஈரான், துருக்கி, கொலம்பியா, ஜெர்மனி, உகாண்டா முன்னணியில் இருந்தன. சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா குடும்பங்கள் சில வசிப்பது சென்னைப் பிள்ளைகள் பலருக்கே தெரியாது.

சின்ன வகுப்புகளுக்கு யுஸ்ரா மார்தினியின் கதை பொருந்தும். சிரியாவின் நீச்சல் வீராங்கனை. 2015-ல் ஏஜியன் கடலில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ரப்பர் படகின் எஞ்சின் நின்றுபோனது. யுஸ்ராவும் அக்கா சாராவும் கடலில் குதித்து, மூன்று மணி நேரத்துக்கும் மேல் படகைப் பிடித்துக்கொண்டு நீந்தி, லெஸ்போஸ் தீவில் கரை சேர உதவினார்கள். அடுத்த வருடமே ரியோ ஒலிம்பிக்ஸில் முதல்முறையாகக் களமிறங்கிய பத்துப் பேர் கொண்ட அகதிகள் அணியில் யுஸ்ரா நீந்தினார். 2024 பாரிஸில் அந்த அணிக்கு முதல் பதக்கம் கிடைத்தது. கேமரூனில் பிறந்து பிரிட்டனில் வாழும் சிண்டி காம்பா, குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். இந்தக் கதைகளுக்குப் பிறகு பிள்ளைகள் 'பாவம்' என்று சொல்வதில்லை, 'செம' என்பார்கள். ஆனால் எல்லா அகதியும் ஒலிம்பிக்ஸ் போக வேண்டியதில்லை. கணக்கில் 40 மார்க் வாங்குகிற அகதிக்கும் வகுப்பில் இடம் உண்டு.

வீட்டில் என்ன பேசுகிறோம்?

ஆசிரியர் நாற்பது நிமிடம் சொல்வதை வீட்டில் ஒரு வரி கலைத்துவிடும். 'கேம்ப் பொண்ணா? பார்த்துப் பழகு' என்று அம்மா சொன்னால் முடிந்தது கதை. 'அவங்களுக்கு கவர்மென்ட் எல்லாம் ஃப்ரீயா தருது' என்று அப்பா சொன்னாலும் அதே. மாதம் 1,500-ம் 1,000-மும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடக்குமா என்று அப்பாவே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலானோர் பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போய்த்தான் சாப்பிடுகிறார்கள்.

முகாமில் இருப்பவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவ்வப்போது ஆட்களைக் கணக்கெடுக்கும் 'செக்கிங்' நடக்கும், அப்போது நேரில் இருக்க வேண்டும். வெளியூர் போய்த் தங்குவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு முகாம் தோழி வரவில்லை என்றால், ஸ்கூல் டூருக்குப் பெயர் கொடுக்கத் தயங்கினால், காரணம் திமிரோ கூச்சமோ இல்லாமல் இதுவாக இருக்கலாம். அவளைக் குடைந்து கேட்காமல், எந்த நாள், எந்த நேரம் வசதி என்று அவள் அம்மாவிடம் கேட்டால் போதும். உங்கள் பிள்ளை அவள் வீட்டுக்குப் போய் ஒருநாள் புட்டும் சம்பலும் சாப்பிட்டு வந்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் சின்ன வகுப்பில் முடிந்துவிடுகிற விஷயமும் அல்ல. பிளஸ் டூ வந்ததும் வகுப்பே விண்ணப்பப் படிவங்களோடு உட்காரும். பெயர், பிறந்த தேதி, சாதி, முகவரி என்று எல்லாரும் ஒரே வேகத்தில் நிரப்பிக்கொண்டு வருவார்கள். 'நாட்டுரிமை' என்ற கட்டம் வரும்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு பேனா நின்றுவிடும். இலங்கை என்று எழுதினால், அவள் பார்த்தே இராத நாடு. பல பிள்ளைகளின் பிறப்பு, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவாகாமலே இருக்கும். 1984-ல் எஸ்.சி.சந்திரஹாசன் தொடங்கிய 'ஓஃபர்' அமைப்பு முகாம் பிள்ளைகளின் படிப்போடு இந்தப் பதிவு வேலைகளிலும் பல வருடங்களாக உதவிவருகிறது. இந்தியா என்று எழுத அவளுக்கு அனுமதி இல்லை. குடியுரிமை இல்லாமல் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும், முகாம் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் வகுப்பாசிரியர் ஜூன் மாதமே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். படிவம் நிரப்பும் நாளன்று எல்லார் முன்னாலும் "உனக்கு என்னம்மா போடறது?" என்று சத்தமாகக் கேட்காமல், முந்தின நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.